நல்ல கேஸ்

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் அந்தச் சின்ன டாக்டரக்கா அப்பாவின் வயிற்றைத் தொட்டார்.

இன்று காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரோடு சின்ன டாக்டர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். அப்பாவின் வீங்கிய வயிற்றை ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தார்கள்.

பெரிய டாக்டர் ஒருவரிடம் கேள்வி கேட்டார். அவர் கையிலிருந்த நோட்டைப் புரட்டினார்.

"ராத்திரி படிச்சியா, இல்ல ரீல்ஸ் பார்த்தியா?" என்றவர், எல்லோரையும் பார்த்து, "குட் கேஸ். நல்லாப் பார்த்து வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா ஆத்தா? நல்ல கேஸாம். பெரிய டாக்டரே சொல்லிட்டாக. கொடி வெட்டுற அடுத்த கவாத்துக்குத் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிரலாம்."

பக்கத்துக் கட்டில்காரர் பெருமூச்சு விட்டார். "ஒமக்கென்னய்யா, குட் கேஸு! என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல."

நான் எட்டாவதோடு நின்றவள். டாக்டர்களிடம் எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் கையைச் சூடாக்கிய அந்த அக்காவின் பின்னால் போனேன்.

"அக்கா, அப்பாவுக்குச் சரியாயிரும்ல?"

அவர் என்னை வராந்தா ஓரமாக அழைத்துப் போனார்.

"குட் கேஸ்னா, நாங்க படிக்கிறதுக்கு நல்ல கேஸ்னு அர்த்தம்மா. ஈரல் ரொம்பக் கெட்டுப்போச்சு. சரியாகிறது கஷ்டம்."

திரும்பி வந்தேன்.

"என்ன ஆத்தா சொன்னாக?" அப்பா சிரித்த முகமாகக் கேட்டார்.

அதற்குள் சின்ன டாக்டர்களின் இன்னொரு கூட்டம் கட்டிலைச் சுற்றி வந்து நின்றது. அப்பாவின் சட்டையை நானே மேலே தூக்கிவிட்டேன்.