தாய்மாமன் கொண்டுபோன வெள்ளைக் கேக்

சண்முகராஜ் நாக்கை நம்பிப் பிழைத்த ஆள். கம்பத்தில் அமானுல்லா பாயின் பேக்கரிக்குள் நுழைந்தால் சுவரோரப் பலகையில் பத்துப் பன்னிரண்டு தகர டப்பாக்கள் வரிசையாக நிற்கும். ஒன்றிலும் பேர் எழுதியிருக்காது. சீனித்தூள், உப்புத்தூள், சோள மாவு, சோடா உப்பு, எல்லாமே வெள்ளை, எல்லாமே ஒரே மாதிரி டப்பா. மாஸ்டர் சண்முகராஜ் மூடியைத் திறப்பார், விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைப்பார், தலையை ஆட்டுவார், அள்ளுவார். தொழிலுக்கு வந்து பதினெட்டு வருஷம், எந்தக் கடையிலும் இப்படியே ஓடிவிட்டது. “ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி வைங்களேன் மாஸ்டர்” என்று பாய் சொன்னால், “பேப்பரு பொய் சொல்லும் பாய், நாக்கு சொல்லாது” என்பார். பெரிய பேச்சு! தொழில் கைக்கு வந்துவிட்டால் மனுஷனுக்கு வாயும் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று, பேச்சுக்குத் தகுந்த வேலையும் இருந்தது. பன்னும் ரொட்டியும் யார் வேண்டுமானாலும் போடுவார்கள். கேக்கின் மேல் சீனிப்பூச்சு ஊற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கடையில் அதற்கு ‘வெள்ளை ஊத்துறது’ என்று பேர். சாமான் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. அரைத்த சீனி, கொஞ்சம் சூடான பால், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. பழைய வேட்டித் துணியில் சீனித்தூளை இரண்டு தடவை சலித்து, பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்குவார். கரண்டியைத் தூக்கினால் பாகு நாடாவாக இறங்க வேண்டும், இறங்கிய கோடு பத்து எண்ணும்வரை தெரிய வேண்டும், பதினொன்றில் மறைய வேண்டும். ஆறிய கேக்கின் நடுவில் ஊற்றித் தட்டை ஒரு சுற்றுச் சாய்த்து, “மதி மதி” என்று தனக்குத்தானே சொல்லி நிறுத்துவார். ‘போதும்’ என்கிற அந்த மலையாளச் சொல் மலைமேல் கட்டப்பனையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது.

பதினைந்து வயதில் பண்ணைப்புரத்திலிருந்து கட்டப்பனை பேக்கரிக்கு வேலைக்குப் போனவர் அவர். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கச்சி பவுனுக்குப் பிறந்த வீடு என்றால் இவர் ஒருத்தர்தான். அவளைத் தேவாரத்தில் அழகருக்குப் பேசி முடித்தது இரண்டாயிரமாவது வருஷம். கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். கட்டப்பனையிலோ கிறிஸ்துமஸ் கேக் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அடுப்பில் வேகிற இந்தக் கடைசி ஈட்டை எடுத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தார் பாருங்கள், அந்த நினைப்பில் மண் விழ! குமுளி மலைப்பாதையில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. தேவாரம் வந்து இறங்கும்போது கடைசிப் பந்தி இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் போட வேண்டிய மோதிரத்தை யாரோ ஒரு தூரத்துப் பங்காளி போட்டு முடித்திருந்தான்.

அன்றைக்குப் பவுனு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அவள் மாமியார் சோணையம்மாள்தான். “அண்ணன் இருக்கான் இருக்கான்னாக, எங்கனப்பா இருந்தான்?” என்று அன்று ஆரம்பித்தவள், நாலு வருஷமாக எந்தச் சாக்குக் கிடைத்தாலும் அதையே எடுத்தாள். சண்முகராஜ் மலையை விட்டு இறங்கிக் கம்பத்தில் வேலைக்குச் சேர்ந்ததே தங்கச்சி கூப்பிட்டால் ஓடிப்போக வேண்டும் என்பதற்காகத்தான். அவள் கூப்பிடவேயில்லை.

கூப்பிட்டது இரண்டாயிரத்து நாலு ஆனி மாசம். கடை போனில் பாய் கூப்பிட்டுக் கொடுத்தார்.

“அண்ணே, கயலுக்கு ஞாயித்துக்கிழமை காதுகுத்து. எங்க கருப்பசாமி கோயில்ல.”

“வந்துர்றேன் ஆத்தா. எத்தனை தட்டு சீரு வைக்கணும்னு சொல்லு, வச்சிருவோம்.”

“தட்டெல்லாம் கிடக்கட்டும். நீ வரலைன்னா எங்க கொழுந்தன் மடியில உக்கார வைக்கிறதுன்னு இங்கன பேசி வச்சிருக்காக. பிள்ளை உன் மடியிலதான் உக்காரணும்.” குரலைத் தாழ்த்தி, “அந்த வெள்ளை ஊத்துவியே, அந்தக் கேக் ஒண்ணு கொண்டா. மாவு பிசையிறவன், மாவு பிசையிறவன்னு இவுக ஏச்சு தாங்கலை. என் அண்ணன் என்ன செய்வான்னு பாக்கட்டும்.”

போனை வைத்துவிட்டுச் சண்முகராஜ் அப்படியே நின்றார். பாய் என்னவென்று கேட்டார். சொன்னார். “சாமிக்கு முன்னாடி வைக்கிற பொருளு மாஸ்டர், முட்டை வாடை இருக்கக்கூடாதுல்ல. சனிக்கிழமை மத்தியானம் கடையைக் கழுவி விட்ருவோம்” என்றார் பாய். அந்த நல்ல மனுஷனைக் குறை சொல்ல முடியுமா? யாரையுமே குறை சொல்ல முடியாது, அதுதான் கொடுமை.

காது குத்தி முடியும்வரை சண்முகராஜுக்கு மூன்று நாள் விரதம். சனிக்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. பலகையிலிருந்த டப்பாக்களை எல்லாம் சண்முகராஜே இறக்கினார், மஞ்சள் தண்ணி விட்டுப் பலகையைத் தேய்த்தார், துடைத்தார், டப்பாக்களைத் திரும்ப ஏற்றினார். முட்டையில்லாமல் வெண்ணெயும் தயிரும் சேர்த்துக் கேக்கைச் சுட்டு ஆறவைத்தார். பொன்னாக வந்திருந்தது. பாகு கலக்கினார், பத்து எண்ணினார், ஊற்றினார். வழக்கமாக இந்த இடத்தில் விரலில் ஒட்டியதை நாக்கில் வைப்பார். அன்றைக்குத் துணியில் துடைத்துக்கொண்டார். சாமிக்குப் படைக்கிறதை எச்சில் பண்ணலாமா?

ஆனால் வெளியே சாரல். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டினால் இந்தப் பக்கம் நாள் கணக்கில் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் பூச்சு விரலோடு வருகிறது. இறுகவேயில்லை. இப்படியே பஸ்ஸில் தூக்கிப் போனால் உத்தமபாளையம் போவதற்குள் எல்லாம் வழிந்து தட்டில் நிற்கும். மேலே இன்னொரு பூச்சு, கெட்டியாகக் கொடுத்தால்தான் தப்பும். சீனித்தூள் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியும் பாதிக்குத்தான் வந்தது. இரண்டாவது சீனித்தூள் டப்பா எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். எடுத்தார். இரண்டு கை அள்ளிப் போட்டார்.

கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று தோன்றியது. விரல் தானாகவே டப்பாவைத் தொட்டு உதடு வரைக்கும் போய்விட்டது. சட்டென்று இறக்கினார். “சாமி, மன்னிச்சுக்கோ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாரலில் ஈரம் குடித்திருக்கும், அதுதான் கனம், என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். புதுப் பூச்சு என்னமாய் நின்றது! அசையாமல், கெட்டியாக, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெள்ளையாக. ரோஸ் கலரில் ‘கயல்’ என்று எழுதி, தள்ளி நின்று பார்த்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மனசு நிறைந்திருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். கேக்கைப் பெட்டியோடு மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்து, மேலே புது வேட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். சீர்த் தட்டுக்கான பழம், பட்டுப்பாவாடை, கயலுக்குத் தோடு எல்லாம் காலடியில் பையில். கோம்பையில் ஏறிய ஒருத்தர், “என்னண்ணே, பிள்ளையா?” என்று எட்டிப் பார்த்தார். “பிள்ளைக்குத்தான்” என்றார் சண்முகராஜ், வாயெல்லாம் பல்லாக.

கோயிலில் கூட்டம் அள்ளியது. கேக் பெட்டியைத் திறந்ததும் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். “ஆத்தாடி, பளிங்கு கணக்கா இருக்கே!” என்றது ஒரு குரல். சோணையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததே பவுனுக்குப் போதும், முகம் அப்படி மலர்ந்துபோனது. கேக் கருப்பசாமிக்கு முன்னால் பழத்தட்டுகளோடு அமர்ந்தது. சூடம் காட்டினார்கள். சண்முகராஜுக்குத் துண்டைத் தலையில் கட்டி, மாலை போட்டு, மனையில் உட்காரவைத்துக் கயலை மடியில் கொடுத்தார்கள். மூன்றாவது வயது நடக்கிற பிள்ளை, மொட்டை போடும்போதுகூட அழாமல் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் கனம் மடியில் இறங்கியதும் மனுஷன் இரண்டு கையாலும் பிள்ளையை அணைத்துக்கொண்டார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காது. பிள்ளை வீல் என்று அலறியது.

“இனிப்பை வாயில வைண்ணே, சீக்கிரம்!” பவுனு கேக்கில் கனத்த பூச்சோடு ஒரு துண்டை வெட்டி அண்ணன் கையில் கொடுத்தாள். காது குத்தும்போது வாயில் இனிப்பை வைத்து அழுகையை அடக்குவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். திறந்திருந்த அந்தச் சின்ன வாயில் சண்முகராஜ் ஊட்டினார்.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. மாமன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. என்னத்தைச் சொல்ல, அந்தப் பார்வையைப் பார்க்கிறதுக்கு அவர் வராமலே இருந்திருக்கலாம். அடுத்த நொடி எல்லாவற்றையும் அவர் சட்டையிலேயே துப்பிவிட்டு, கையைக் கடித்து, எட்டி உதைத்து, மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடியது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது சித்தப்பன் மலைச்சாமியின் காலை. தூக்கி வந்து மாமன் மடியில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். பிள்ளை மூச்சு நின்றுபோகிற மாதிரி அலறியது. இரண்டு தடவை, மூன்று தடவை.

“நல்ல நேரம் போகுதுப்பா” என்றார் ஆசாரி.

“மாமன் மடி பிள்ளைக்கு ஆகலை. விடுங்க, எம் மகன் உக்காரட்டும்” என்றாள் சோணையம்மாள். இரண்டாவது காதைச் சித்தப்பன் மடியில் வைத்துக் குத்தினார்கள். சண்முகராஜ் மாலையும் தலைப்பாகையுமாக வெறும் மடியோடு மனையிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருப்பதா இருப்பதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

காது குத்தி முடிந்தது. இனி விரதம் இல்லை. விரலில் பிள்ளை எச்சிலோடு ஒட்டியிருந்த பூச்சை நாக்கில் வைத்தார்.

உப்பு. சுருக்கென்று நாக்கைக் கரித்தது. ரொட்டிக்கு அரைத்து வைத்த உப்புத்தூள். பலகையைக் கழுவிவிட்டு அந்த டப்பாவைச் சீனித்தூள் இருந்த இடத்தில் ஏற்றி வைத்த கை அவர் கைதான். வேறு யாரும் தொடவில்லை.

“கேக்கை வெட்டி எல்லாருக்கும் குடும்மா. மாமன் சீரு எப்பிடின்னு ஊரு தின்னு பாக்கட்டும்” என்று சோணையம்மாள் தட்டை நோக்கி வந்தாள். சண்முகராஜ் பாய்ந்து எழுந்து தங்கச்சி காதோரம் போனார்.

“ஆத்தா, வேணாம். குடுக்காத. உப்பு. நான் கூறுகெட்டுப் போய்...”

பவுனு ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. மென்றாள், விழுங்கினாள், தட்டை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

“இது ஒருத்தருக்கும் கிடையாது. என் கல்யாணத்துக்கு வராத அண்ணன் இன்னைக்குக் கொண்டாந்த சீரு. நான்தான் திம்பேன்.”

கூட்டம் சிரித்தது. சோணையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளை துப்பியதை அவள் பார்த்தவள். “அம்புட்டு நல்லா இருக்கோ? எங்க, தின்னு, பாப்போம்” என்று முன்னால் வந்து நின்றாள்.

பவுனு தின்றாள். கையளவு துண்டு ஒன்று. பூச்சைத் தள்ளாமல், உதிர்க்காமல், முழுசாக. அது தீர்ந்ததும் இன்னொன்று. சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் தாரை தாரையாகத் தண்ணி இறங்கியது. “அண்ணன் வந்த சந்தோசம், அழுகுது பாரு” என்றாள் ஒரு கிழவி. சோணையம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

சண்முகராஜ் ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணி மொண்டு வந்தார். நீட்டினார்.

“குடி ஆத்தா. ஒரு மடக்குக் குடி.”

பவுனு சொம்பை வாங்கவில்லை. உதடு அசையாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“கொண்டு போயிருண்ணே. தண்ணி குடிச்சா கண்டுபிடிச்சிருவாக.”

மூன்றாவது துண்டை எடுத்தாள். சண்முகராஜ் சொம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.