அம்மாவின் தனியறை

என் தந்தையார் வீண் பெருமைக்காகத் தம் மனைவியை மருத்துவமனையின் தனியறையில் கிடத்தினார் என்று உறவினர் சிலர் சுவிசின் டீட்டிகோன் நகரில் இன்றும் பேசுகின்றனர். அவர் விளக்கம் எதுவும் சொல்லாமலே காலமாகிவிட்டார். ஆகவே, அன்று ஒன்பது வயதாயிருந்த நான் கண்டதை எழுதிவைப்பது பொருத்தம்.

அப்பா யாழ்ப்பாணத்தில் அரசாங்கப் படவரைஞர். கட்டடங்களுக்குப் படம் வரைந்தவர். சுவிசில் அவருக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. அம்மா நோயுற்றபோது அதே மருத்துவமனையில்தான் சேர்க்கப்பட்டார். மாலைதோறும் என்னை அங்கே அழைத்துச் செல்லும் வழியில் அப்பா அம்மாவைப் பற்றி எதுவும் பேசமாட்டார். அந்தப் பழைய கட்டடத்தை எழுப்பியவரைப் பற்றியே பேசுவார்.

விக்டோரியா மகாராணி காலத்து மனிதர் அவர். இளமையில் ஓர் அநாதை விடுதியைக் கட்டப்போய், அங்கே பிள்ளைகள் காய்ச்சலில் மடிவதைக் கண்டாராம். அதன்பின் தேவாலயம், மாளிகை என்று தேடிவந்த வேலைகளையெல்லாம் ஒதுக்கி, ஆயுள் முழுவதும் மருத்துவமனைகளையே கட்டினார். அடைபட்ட காற்றே நோயின் தாய் என்பது அவருடைய சமயம். எதிரெதிரே உயர்ந்த யன்னல்கள், தூசி தங்காதபடி வளைத்த சுவர்மூலைகள், ஒன்றோடொன்று ஒட்டாத நீண்ட நோயாளர் கூடங்கள். கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டபின் இளைய மருத்துவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். முதுமையில் அவருக்கு வேலை கொடுப்பாரில்லை. “எண்டாலும் மனுசன் ஒரு யன்னலைக்கூடச் சின்னனாக்கேல்லை” என்பார் அப்பா, உடன் வேலைசெய்த ஒருவரைச் சொல்வதுபோல.

பனிக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள், அம்மாவின் கட்டில் கூடத்தில் இல்லை. வாயிலையொட்டிய சிறிய அறைக்கு அவரை மாற்றியிருந்தார்கள். என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. தனியறை என்பது ‘பிரிவாட்’, அதாவது கூடுதல் காப்புறுதி கட்டும் செல்வர்க்குரியது என்பதைச் சுவிசில் வளரும் எந்தத் தமிழ்ப்பிள்ளையும் அறியும்.

“இஞ்சாருங்கோ, ஏன் என்னை இஞ்ச மாத்தினவை?” என்று அம்மா கேட்டார்.

“இஞ்ச காத்து நல்லது.”

அம்மா அவரைச் சற்றுநேரம் பார்த்தார். “நீங்கள் சொன்னாச் சரி. உங்களுக்குத்தானே கட்டடம் தெரியும்.”

ஞாயிறன்று சூக் நகரிலிருந்து மாமி வந்தார், அப்பாவின் தமக்கை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“என்னடா தம்பி, பிரிவாட்டோ? கோப்பை கழுவுறவனுக்கு வந்த எடுப்பைப் பார்!”

“நீங்கள் ஒப்பரேசனுக்கு நாலு பேரோடதானே கிடந்தனீங்கள், மாமி?” என்றேன் நான்.

“வாயைப் பார்! தேப்பனைப்போலத்தான்.”

அப்பா என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓமக்கா, பிரிவாட்தான்” என்றார். அந்தச் சொல்லே மாமியின் வாயிலாக உறவெங்கும் பரவிற்று.

உண்மையைப் பின்னாளில், நானும் கட்டடக்கலை பயின்றபோதுதான் அறிந்தேன். அக்காலத்துக் கூடங்களில் வாயிலையொட்டிய சிற்றறை, இனி மீளமாட்டார் என்று மருத்துவர் முடிவுசெய்தவருக்குரியது. மற்ற நோயாளிகள் அந்தச் சாவைக் காணலாகாது என்பதற்காக. அதற்குத் தோட்டத்துப் பக்கம் இரண்டாவது கதவொன்றும் உண்டு. உடலைக் கூடத்தின் வழியே கொண்டுபோகாமல் வெளியே எடுப்பதற்கு. அந்த மருத்துவமனை தன் பழைய வழக்கத்தை மாற்றியிருக்கவில்லை. கட்டடப் படம் வரைந்த அப்பாவுக்கு அது தெரியாதிருக்க வழியே இல்லை.

எனக்கோ, காற்று நல்லது என்று அப்பா சொன்னதே போதுமாயிருந்தது. மாமி போனபின், அம்மாவுக்கு நிறையக் காற்று வரட்டும் என்று அந்தத் தோட்டக் கதவை அகலத் திறந்துவைத்தேன். அப்பா எழுந்து வந்து சாத்தினார். மறுநாளும் திறந்தேன், மறுநாளும் சாத்தினார். காற்றைப்பற்றி அவ்வளவு கதைத்தவர் அந்தக் கதவை மட்டும் ஏன் திறக்கவிடவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. குளிருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.