கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசிய நோயாளி

படிக்க வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே சம்பளம் கொடுக்கும் என்று பேத்தி சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். நாங்கள் அறிந்த படிப்புக்கு நாங்கள்தான் காசு கட்டினோம். காசு தந்து கூப்பிடுகிறவன் சும்மா கூப்பிடுவானா?

"உதில என்னவோ இருக்குப் பிள்ளை. வடிவா விசாரி."

"அவுஸ்பில்டுங் எண்டா அப்பிடித்தான் அம்மம்மா. பாதி நாள் படிக்கிறது, பாதி நாள் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறது."

நேர்ஸ் ஆவது என்று அவள் எப்போதோ முடிவெடுத்துவிட்டாள். அதற்கு முதலில் ஆஸ்பத்திரியில் சில கிழமை வேலை பழக வேண்டும் என்றார்கள்; அதையும் பழகி முடித்துவிட்டாள். எங்கே படிப்பது என்பதில்தான் வீட்டில் இழுபறி. ஒன்று, பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் நேர்ஸ் பள்ளிக்கூடம். மற்றது ஸ்டுட்கார்ட்டில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பட்டம் கிடைக்கும், ஆனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும்.

என் மகளுக்கு ஸ்டுட்கார்ட்தான் வேண்டும். "என்ர பிள்ளை கம்பஸ்" என்று ஊன்ட்றொப் கோயில் தேருக்கு வருகிற சனத்திடம் சொல்ல வேண்டுமே. அன்றைக்கு உடுக்கிற சேலையை விட அந்த ஒரு சொல் அவளுக்கு வடிவாக இருக்கும்.

எனக்கு அவள் போகக் கூடாது. அந்த வீட்டில் என்னோடு சரிக்குச் சரி வாயாடுகிற ஆள் அவள் ஒருத்திதான். மருமகனை நக்கலடித்தால் மரியாதையாகச் சிரித்துவிட்டு எழும்பிப் போவார். மகளுக்கோ அழுகை வந்துவிடும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கிட்ட இருக்கிற பள்ளிக்கூடம்தான் திறம் என்று பேத்தியை எப்படி நம்ப வைக்கலாம் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடம் எல்லாரையும் வந்து பார்க்கச் சொன்ன நாளில் நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே கேக்கும் கோப்பியும் தந்தார்கள். கேக் தந்து ஆள் பிடிக்கிறார்களே என்று மனம் உறுத்தியது. ஆனாலும் சொல்லவில்லை. நான் ஆதரிக்கிற கட்சி, அதோடு வாயில் கேக்கும் இருந்தது.

"இஞ்ச என்ன படிப்பிப்பினம்?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"எலும்பு, நரம்பு, ரத்தம், மருந்து, ஆளைத் தூக்கிற விதம்."

"அங்க?"

"முதல் வருசம் கிட்டத்தட்ட இதேதான்."

"அப்ப ஏன் அவ்வளவு தூரம்? ஸ்டுட்கார்ட்டில மனிசருக்கு ஒரு எலும்பு கூடவோ?"

சிரித்தாள். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எப்பிடிச் செய்யிறது எண்டு இஞ்ச நல்லாப் பழகலாம். ஏன் அப்பிடிச் செய்யிறது எண்டு அங்க கூடப் படிக்கலாம். ரெண்டும் நேர்ஸ்தான். அது சரி, நீங்கள் ஏன் எனக்குப் பின்னால திரியிறியள்?"

"டாக்குத்தர் நடக்கச் சொன்னவர்."

"ஸ்டுட்கார்ட் வரைக்குமோ?"

ஓம், ஸ்டுட்கார்ட் வரைக்கும்தான் போனேன். அங்கே கேக் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. வருகிறவர்களை மதிக்காத இடம் போல. ஒரு அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு, அதில் ஒரு பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். ஆள் அளவுப் பொம்மை. மூச்சு விட்டது, கண்ணை வெட்டியது. நான் மெல்ல அதன் கையைக் கிள்ளினேன்.

"ஐயோ!" என்றது டொச் பாஷையில்.

பேத்தி துள்ளிப் போனாள். நான் துள்ளவில்லை. சுவரில் இருந்த பெரிய கண்ணாடியைக் காட்டி, "உதுக்குப் பின்னால ஆள் இருக்கு" என்றேன். இருந்தது. ஒரு ஆசிரியை சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளைகள் நோயாளியோடு பேசிப் பழகுவதற்காக அவர்தான் மைக்கில் பேசுவாராம். கண்டுபிடித்ததற்குப் பரிசாக, இந்தமுறை நீங்களே நோயாளியாகப் பேசுங்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே இருத்தினார். எங்களுக்குக் கட்டிலடியில் நிற்கிறவர்கள் தெரிந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் தெரியவில்லை. எனக்கு ஏற்ற வேலைதான்.

பேத்தி கட்டிலருகே வந்து பொம்மையிடம் டொச்சில் கேட்டாள்: ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் சொன்னால், நோ எவ்வளவு? நோவுக்கு நம்பர் கேட்பது இந்த நாட்டு வழக்கம். எங்கள் சனம் எதற்கும் இரண்டு என்றுதான் சொல்லும். பிள்ளைப்பேற்றுக் கட்டிலிலும் இரண்டுதான். கூடச் சொன்னால் டாக்குத்தரைக் கரைச்சல்படுத்தினதாகப் போய்விடுமே.

நானும் இரண்டு என்றேன்.

அவள் அதை ஏற்கவில்லை. பொம்மையின் காதுக்குக் குனிந்து தமிழில் கேட்டாள்: "அம்மம்மா, நான் இஞ்ச படிக்க வந்தா எவ்வளவு நோகும்?"

பக்கத்தில் இருந்த ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது பொறி என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு என்றால் அவள் போவாள், பெரிதாகச் சொன்னால் நிற்பாள். நான் இத்தனை நாளும் பாடுபட்டது அதற்குத்தான். ஆனால் அதற்காகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். என் முகத்தை அவள் காணவில்லை, அவள் முகத்தை நான் கண்டேன். அவ்வளவுதான்.

"எட்டு" என்றேன். பொம்மை அதை என்னை விடத் துணிவாகச் சொன்னது.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் பொம்மையின் நெஞ்சு வரைக்கும் போர்த்திவிட்டாள்.

திரும்பி வருகிற ரயிலில் அவள் பல்கலைக்கழகம் தந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வென்றவளுக்கு ஏன் சந்தோசம் வரவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

அடுத்தநாள் காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது சொன்னாள். "ஸ்டுட்கார்ட்டுக்கு அன்ட்ராக் போர்ம் நிரப்பி அனுப்பிட்டன்."

"எட்டு எண்டு சொன்னனான். காது கேக்கேல்லையோ?"

"கேட்டது. அதாலதான் போறன்."

"இதென்னடி நியாயம்?"

"ரெண்டு எண்டு சொல்லியிருந்தா நிண்டிருப்பன். நோவை ஒளிக்கிற ஆளை விட்டிட்டுப் போக ஏலாது, பயமாக் கிடக்கும். எட்டு எண்டு வாய் திறந்து சொல்லுற ஆள் ரெலிபோனிலயும் சொல்லும்."

எங்கேயாவது ஓட்டை இருக்கும் என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அகப்படவில்லை.

"ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேப்பன்," என்றாள். "உண்மையான நம்பர் சொல்லோணும்."

"பொய் சொன்னா?"

"அடுத்த ரெயினில வந்து நிப்பன்."

இவ்வளவு படிக்கப் போகிற பிள்ளை, அந்த ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

இலையுதிர் காலத்தில் போனாள். போய்ச் சேர்ந்த அன்றைக்கே ரெலிபோன் அடித்தது.

"அம்மம்மா, எவ்வளவு?"

"ரெண்டு" என்றேன்.

அந்தப் பக்கம் எதையோ தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. ரயில் நேரம் பார்க்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.