இரைகின்ற அடுப்பு

கொழும்பில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் பின்சந்தால் நடந்துகொண்டிருந்தபோது அந்த இரைச்சல் வந்தது. பெரிய தாச்சிச் சட்டிக்குக் கீழே நீல நெருப்பு சீறுகிற இரைச்சல். சமையற்காரர் தாச்சியைச் சுண்ட, சோறு எழும்பி விழுந்தது. பக்கத்தில் நின்றவன் அவருக்கு ஏதோ சொன்னான்; வாய் அசைந்தது, சொல் வரவில்லை. என் கால் தானாக நின்றது. அண்ணாந்து பார்த்தேன். மின்கம்பிகள், ஒரு துண்டு வானம், வேறொன்றுமில்லை. இப்படி அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது ஓர் அடுப்பு.

எண்பத்தாறாம் ஆண்டின் மாரி. அளவெட்டியில் இருந்தோம். கணவரின் வேலைத்தலம் பூட்டிக் கிடந்தது. நான் சுட்டுக் கொடுத்த கடலை வடையில்தான் வீடு ஓடியது: சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடைக்கு விடிய ஒரு ஓலைக் கடகம், பின்னேரம் ஒரு கடகம். ஆனால் மாரி விறகு எரிவதில்லை, அழும். எண்ணெய் கொதி ஏறாது. கொதி ஏறாத எண்ணெயில் விழுந்த வடை பொரியாமல் குடிக்கத் தொடங்கிவிடும். கடைக்காரர் ஒரு வடையைக் கடதாசியில் வைத்து என் கண்முன்னே அமத்தினார்.

"உதைப் பிழிஞ்சால் ஒரு கிழமைக்கு விளக்குக் கொளுத்தலாம், பிள்ளை. அடுத்த கிழமையும் உப்பிடியெண்டால் நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

ஒரு கிழமை, ஏழு நாள். அதற்குள் எனக்கொரு நெருப்பு வேண்டும்.

எது நல்ல நெருப்பு என்று கண்டவரையெல்லாம் கேட்டேன். ஒருவர் சொன்னதையும் நம்பவில்லை. திரியடுப்பு தேத்தண்ணிக்குச் சரி. என் தாச்சியின் அகலத்துக்கு அது வெறும் கைவிளக்கு. மரத்தூள் அடுப்பு மூண்டுவிட்டால் தன்பாட்டில் எரியும், கூட்டவும் விடாது, குறைக்கவும் விடாது. காஸ் அடுப்பென்றால் சிலிண்டர் கொழும்பிலிருந்து வரவேண்டும். வரும் என்று சொன்ன காஸ் கடைக்காரரின் முகத்திலேயே வராது என்று எழுதியிருந்தது. மிஞ்சியது, காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு. பண்டத்தரிப்பில் ஒரு வீட்டார் கொழும்புக்குப் போகிறார்கள், தங்களுடையதைக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

கணவர் சைக்கிள் மிதித்தார். நான் கரியரில், மடியில் தாச்சி. தாச்சிக்குள் ஓர் ஏனத்தில் அரைத்த பருப்பு, ஒரு போத்தல் எண்ணெய், இன்னொரு போத்தலில் எங்கள் மண்ணெண்ணெய். கொடுப்பவர் தன் மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெற்றோல் கலந்துவிட்டால் எந்த நோஞ்சான் அடுப்பும் சிங்கமாகிவிடும். எனக்குத் தெரியாதா?

"தாச்சியுமோ கொண்டு வந்தனீங்கள்?" வீட்டுக்காரர் சிரித்தார். பென்சன்காரர், நரைத்த புருவம்.

"ஓம் அண்ணை. மண்ணெண்ணெயும் இருக்கு."

"அப்ப தண்ணி? கிணறு எங்கடை. நம்புவியளோ?"

"ஏன் அண்ணை உதைக் குடுக்கிறியள்?"

"மகள் அங்கை காஸ் வைச்சிருக்கிறாள், தங்கச்சி."

"விலை?"

"காசு வேண்டாம். கொண்டுபோக ரண்டு கிலோ மிளகாய்த் தூள் வறுத்து இடிச்சுத் தாருங்கோ. காணும்."

விலையைக் கூட்டிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். பித்தளை வயிற்றில் ஒட்டுப் போட்ட தழும்பு உண்டா? இல்லை. பொருத்துகளில் சவுக்கார நுரை தடவினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

"என்ரை மகளைப் பொம்பிளை பாக்க வந்தவை உவ்வளவு பாக்கேல்லை" என்றார் அவர். கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே அவருடைய மனைவி நின்றார். நாங்கள் வந்ததிலிருந்து அதே இடம். தண்ணீர் அள்ளவில்லை, உடுப்புத் தோய்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் சரித்தபடி நின்றார், குசினியை ஒருதரமேனும் திரும்பிப் பார்க்காமல். ஆருக்குக் காவல்? இது வேறு யாருடையதோ அடுப்பாக இருக்குமோ, உரியவர் வந்துவிடுவாரென்று பார்க்கிறாரோ?

வீட்டுக்காரர் அடுப்பின் கழுத்துக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். ஊசியால் துவாரத்தைக் குத்தினார். காற்றடித்தார். முதலில் ஒரு முனகல். பிறகு அந்த இரைச்சல், குசினி முழுக்க, சுவருக்குச் சுவர், வேறெதற்கும் இடம் விடாமல். என் எண்ணெய் நான் நினைத்ததற்கு முன்னரே கொதித்தது. வடையைப் போட்டேன். அமிழ்ந்தது, உடனே எழும்பியது, கரையெல்லாம் பொன். எடுத்துக் கடதாசியில் அமத்தினேன். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

கணவரின் வாய் திறந்து மூடியது.

"என்ன?"

"எடுப்பமெண்டு சொல்லுறன்!" என்று என் காதுக்குள் கத்தினார்.

அப்போதுதான் அந்தப் பெண் ஓடிவந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு குனிந்து, காற்றுத் திருகைத் திறந்தார். நெருப்பு செத்தது. இரைச்சல் போன இடத்தில் இன்னொரு இரைச்சல் ஏற்கெனவே வந்து நின்றது. ஹெலி. சுட்டுக்கொண்டு திரியும் ஆமி ஹெலிகொப்டர், கூரைக்கு மேலே.

நாலு பேரும் சுவரோடு குந்தினோம். தாச்சியில் எஞ்சிய வடைகள் கொஞ்ச நேரம் சலசலத்து அடங்கின. ஹெலி பலாலி ஆமி முகாம் பக்கமாகத் தேய்ந்து போனது.

அந்தப் பெண்தான் முதலில் பேசினார்.

"நாலு மாசத்துக்கு முந்தி நான் உதிலை மிளகாய் வறுத்துக்கொண்டு நிண்டனான். ஹெலி வருதெண்டு இவர் பங்கருக்குள்ளை நிண்டு கத்தினவராம். அயலெல்லாம் கத்தினதாம். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. கருகப்போகுதெண்டு கிண்டினபடி. வெடி பட்டு ஓடு உடைஞ்சு தாச்சிக்குள்ளை விழேக்கைதான் அண்ணாந்து பாத்தன்."

நானும் அண்ணாந்து பார்த்தேன். பழைய ஓடுகளுக்கு நடுவே ஒரு பாயளவு புது ஓடு, பளிச்சென்ற சிவப்பாக. எல்லாவற்றையும் சந்தேகித்த நான் கூரையைப் பார்க்கவேயில்லை.

"அடுப்பிலை ஒரு பிழையும் இல்லை" என்றார் வீட்டுக்காரர், நிலத்தைப் பார்த்து.

"பிழையில்லை. அடுப்புக்கு அடுப்பின்ரை வேலை" என்றார் மனைவி. பிறகு என்னிடம், "கொண்டு போறதெண்டால் கொண்டுபோம். எரியேக்கை ஒராள் வெளியிலை நிக்கவேணும். கத்தினால் கேக்காது. ஓடிவந்து திருகைத் திறக்கவேணும்."

வாசல் படலையடியில் என் கணவர் தயங்கினார். "இஞ்சேரும், உது வேண்டாம். விறகோடை சமாளிப்பம்."

"விறகோடை எண்டால் அடுத்த கிழமை கடை இல்லை" என்றேன். அவர் அடுப்பைச் சாக்கில் சுற்றினார்.

அந்தக் கிழமை முழுக்க நான் குசினியில், அவர் முற்றத்தில், மழைக்குக் குடையோடு. வேலிக்கு அப்பால் போனவர்கள் "என்ன அண்ணை, மனிசி வெளியிலை விட்டிட்டாவோ?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைக்காரர் வடையை அமத்திப் பார்த்தார், கடதாசியைத் திருப்பிப் பார்த்தார், "நாளைக்கு விடியவே ரண்டு கடகமாய்க் கொண்டு வாரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை, அந்த அடுப்பிலேயே வறுத்து இடித்த தூளைக் கொண்டு தனியாகப் பண்டத்தரிப்புக்குப் போனேன். வாசலில் வான் வண்டி நின்றது. வீட்டுக்காரர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, அந்த அக்கா, தூள் பையைப் பிரித்து மணந்து பார்த்தார். தூளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வறுக்கேக்கை ஆர் வெளியிலை நிண்டது?"

"அவர்தான், அக்கா. இப்ப வேலை இல்லைத்தானே."

அக்கா வண்டியில் ஏறிக் கதவோரம் இருந்தார். பையை மடியில் வைத்து, முடிச்சை ஒருமுறை இறுக்கினார்.

"அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சால்?"