தானாக எழுதிய லேப்டாப்

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. அந்தப் பதைபதைப்பு இன்னும் முழுசாக என்னை விட்டுப் போகவில்லை.

நான் செஞ்சி பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். பேரம் பேசுவதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. வாங்க வருகிறவர்களிடம் பத்து ரூபாய் இறங்க மாட்டேன். நான் வாங்கப் போனால் பாதி விலைக்குக் கேட்காமல் விட மாட்டேன். என்னோடு மல்லுக்கட்டுவதைவிடப் பொருளைச் சும்மா கொடுத்துவிடலாம் என்று எங்கள் முதலாளியே கேலி செய்வார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையோ பெருமை. கடைசியில் என்னை மாட்டிவிட்டதும் அந்தப் பெருமைதான்.

என் மகளுக்கு பி.சி.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள். முதல் வாரத்திலேயே லேப்டாப்போடு வர வேண்டும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். புதுசின் விலையைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை. அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். போனில் கேட்டால், நீயே பார்த்து வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டார்.

பஜாரிலேயே ஒரு சந்துக்குள் செல்போன், லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. பழைய லேப்டாப்பும் விற்பார்கள். மகள் தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை ராம், இத்தனை ஸ்டோரேஜ், பேட்டரி இவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒரு பட்டியல். எனக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது? நான் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, முதுகைத் தட்டிப் பார்த்தேன். "மா, இது குண்டான் இல்ல, தட்டாத" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று அவள் பட்டியலுக்குச் சரியாகப் பொருந்தியது.

கடைக்காரர் பதினெட்டாயிரம் சொன்னார். நான் பத்துக்குக் கேட்டேன். அரை மணி நேரம் பேசத் தயாராக நின்றிருந்தேன். அவரோ ஐந்தே நிமிஷத்தில் பதினொன்றுக்கு இறங்கிவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சரக்கில் ஏதோ கோளாறு இருந்தால்தான் கடைக்காரர் அவ்வளவு சீக்கிரம் இறங்குவார் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? பில் வேண்டும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. பழைய ஆளின் பாஸ்வேர்டை எடுத்துவிட்டதாகவும், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துச் சுத்தம் செய்ய இன்னும் ஐந்நூறு ஆகும் என்றும் சொன்னார். அதை நாங்களே செய்துகொள்கிறோம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் தெரிந்தவர்களிடம் விலையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மகள் தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். உள்ளே திறந்து பார்த்தால் எல்லாம் இலைப் படம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியின் இலை. புள்ளி விழுந்தது, சுருண்டது, பழுத்தது என்று ஆயிரக்கணக்கில். யாரோ வேலைவெட்டி இல்லாதவன் காடு காடாகப் போய் மல்லாட்டை இலையைப் படம் பிடித்திருக்கிறான் பார் என்று சிரித்தோம். எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடு என்று நான்தான் சொன்னேன்.

அவள் அழிக்கப் போன நேரம், திரையில் இருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவள் ஒரு பக்கம் இழுக்க அது இன்னொரு பக்கம் ஓடியது. "மா, நான் தொடல" என்று இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டாள். கை வைக்காமலே இலைப் படங்கள் மூடிக்கொண்டன. வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தாக விழ ஆரம்பித்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "அழிக்காதீங்க."

பேய் பிடித்தவர்களை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவதை பஸ்ஸில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நமக்கு அதெல்லாம் இல்லை என்று வாய் கிழியப் பேசியவள்தான் நான். அன்றைக்கு அந்தப் பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. செத்துப்போன எவனோ இந்த லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்றே முடிவு செய்துவிட்டேன். ஓடிப்போய், மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்த தீர்த்த பாட்டிலை எடுத்து வந்தேன். கொஞ்சமாகத் தெளிப்பதற்கெல்லாம் எனக்கு நிதானம் இல்லை. பாட்டிலையே கவிழ்த்துவிடுவது என்று மூடியைத் திறந்து கையை ஓங்கினேன்.

திடீரென்று திரையில் என் முகமே தெரிந்தது. விரிந்த தலை, ஓங்கிய கை, கையில் பாட்டில். பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு என் மகள். கீழே எழுத்துகள் தப்பும் தவறுமாக ஓடின: "அக்கா, தண்ணி ஊத்தாதீங்க. நான் பேய் இல்ல, மனுஷிதான்."

மகள் என் கையை எட்டிப் பிடித்தாள். பாதித் தண்ணீர் பாய் மேல் கொட்டியது. லேப்டாப் மேல் ஒரு சொட்டும் விழவில்லை, நல்ல காலம்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டே போனாள். பயிர்களுக்கு வரும் நோயைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாளாம். அமாவாசைக்கு அம்மாவோடு மலையனூர் வந்தபோது, பஸ் ஏறும் நெரிசலில் பை போய்விட்டதாம். மூன்று வருஷ வேலை முழுக்க இதற்குள் இருக்கிறது, காப்பி எடுத்து வைத்த பென் டிரைவும் அதே பையில் போய்விட்டது என்றாள். தூரத்திலிருந்தே தன் லேப்டாப்பை இயக்குவதற்கு எப்போதோ ஒரு ஆப் போட்டு வைத்திருந்தாளாம். தொலைந்த நாளிலிருந்து தினமும் போனில் திறந்து பார்ப்பாளாம். அன்றைக்குத்தான் நாங்கள் நெட் கொடுத்ததும் உயிர் வந்திருக்கிறது. அதை வைத்துத்தான் லேப்டாப் கேமராவைத் திறந்து எங்களைப் பார்த்தாளாம். "போன் நம்பர் மட்டும் குடுங்க அக்கா. ஆஃப் பண்ணிடாதீங்க, கும்புட்டுக் கேக்குறேன்" என்று எழுதினாள்.

இனி சொல்லப்போவதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பேய் இல்லை, மனுஷிதான் என்று தெரிந்ததும் என் பயம் போயிற்று. பயம் போன இடத்தில் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. பதினோராயிரம் போயிற்று. திருட்டுப் பொருள், போலீஸ் வரும். இன்னும் எட்டு நாளில் காலேஜ். பிள்ளை வெறுங்கையோடு போய் நிற்பாள். நாங்கள் யார், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. காலையில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிய அதே வாயால், "நெட்ட கட் பண்ணுடி. ஆஃப் பண்ணிட்டு எல்லாத்தையும் அழிச்சுடு" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கமில்லாத ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு குனிந்து தன் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். அடுத்த நிமிஷம் அவள் போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சே இல்லை, அழுகைதான்.

மறுநாள் அந்தப் பெண், பை தொலைந்தபோது போலீஸில் எழுதிக் கொடுத்த புகாரின் நகலோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். என் மகளைவிட ஐந்தாறு வயசு பெரியவளாக இருப்பாள், அவ்வளவுதான். லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்து, அந்த இலைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூவருமாகக் கடைக்குப் போனோம். யாரோ கொண்டுவந்து விற்றார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று கடைக்காரர் சாதித்தார். புகார் நகலைப் பார்த்ததும் பணத்தை எடுத்து வைத்துவிட்டார். மகள் முதல் இரண்டு மாதம் காலேஜ் லேபிலேயே உட்கார்ந்து சமாளித்தாள். அதன் பிறகு பில்லோடு ஒன்று வாங்கினோம்.

ஊருக்குத் திரும்ப பஸ் ஏறும் முன் அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்க ஆஃப் பண்ணிடுவீங்களோன்னு உயிரே போயிடுச்சுக்கா. வேற யாராவதா இருந்தா பண்ணியிருப்பாங்க. நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்றாள்.

என் மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இல்லைம்மா, நான் பண்ணத்தான் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துத் தலையாட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். மகள் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, இதுவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். கஷ்டம் என்று வந்தாலும் நான் தப்பான வழியில் போகமாட்டேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்; அந்தப் பெண் நான் இல்லை என்று சொன்ன அந்த 'அப்படிப்பட்டவங்க' நான்தான் என்பது, இந்த உலகத்தில் எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரியும்.