மாப்பிள்ளைக் கல்

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு அட்டைக்குழாய் இருக்கிறது. அதற்குள் நான்கடி நீளத்துக்கு ஒரு டிரேசிங் ஷீட் சுருண்டு கிடக்கிறது. விரித்தால் செவ்வாய்க் கிரகத்தின் ஒரு சமவெளி. அதன் குறுக்கே மயிரிழை கனத்தில் ஒரு கறுப்புக் கோடு, ஒரு ரோவர் நாள்தோறும் ஊர்ந்து போன பாதை. வரைந்தவர் என் மாமனார். அதன் பின்பாதி பொய். அந்தப் பொய் என்னுடையது.

மாமனார் ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வரைபடம் வரைந்தவர். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கன்னட நாட்டில், பிரேசர் டவுனில் இருந்தது. நான் திருப்பத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். கல்யாணம் முடிந்ததும் அவர்கள் வீட்டு மாடியிலேயே குடியேறினோம். வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டான் என்று ஊரில் சிரித்தார்கள். அந்த எரிச்சல் எனக்குள் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் என்னை நடத்திய விதத்தில் ஒரு குறையும் கிடையாது. என்னைவிட முப்பது வயது மூத்தவர், ஒருநாளும் 'நீங்க' தவறியதில்லை. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்பதைக்கூட மகளை விட்டுத்தான் கேட்பார். மாப்பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்பது அவர்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை.

அவர் ஓய்வுபெற்று, ஒரு கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தபோதுதான் அமெரிக்காக்காரர்கள் செவ்வாயில் அந்த ரோவரை இறக்கினார்கள். இரண்டாயிரத்து நான்கு ஜனவரி. பேப்பரில் படம் பார்த்த மனிதர் இரண்டு நாள் நிலைகொள்ளாமல் இருந்தார். மூன்றாம் நாள், தயங்கித் தயங்கி என்னிடமே வந்தார்.

"மாப்ளே, ஒங்க ஆபீஸ்ல இன்டர்நெட் இருக்குல்ல? தெனம் அது எவ்ளோ தூரம் போச்சு, எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதிட்டு வந்தீங்கன்னா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது கேட்டருகே நிற்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். நான் கைகால் கழுவி, காப்பி குடித்து, சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுக்கும் வரை பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பார். சீட்டு கைக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜை அவருடையது. இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்திருந்தார். முதலில் பென்சில், அப்புறம் மை. "அங்க ஒரு நாளு நம்ம நாளவிட முப்பத்தொம்பது நிமிஷம் ஜாஸ்தி, ஹௌதா?" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொள்வார். 'ஆமாவா' என்பதுகூட அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். கன்னடம் எழுதியே பழகிய கை. எனக்குக் கன்னடம் படிக்க வராது என்பதற்காக ஷீட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினார். எழுத்துகள் சற்று உருண்டையாக, அழகாக இருக்கும். ஓரத்தில் கட்டம் போட்டு, 'தகவல்: மாப்பிள்ளை' என்று என்னையும் சேர்த்திருந்தார்.

அவருடைய அலுவலகத்தில் ஒரு முறை உண்டாம். மையில் போட்ட கோட்டைச் சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பானால் அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, யாருடைய பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "ஒருவாட்டி அளவு குடுத்தவங்க தப்பா குடுத்துட்டாங்க. ஆனாலும் வரஞ்ச கை என்னுது. நான்தானே கையெழுத்துப் போடணும்?" என்று சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஆபீஸில் வேலை கழுத்தை நெரித்தது. ஒருநாள் பார்க்க மறந்துவிட்டேன். பஸ் நெரிசலில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் மாமா என்று சொல்லியிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பார். ஆனால் கேட்டருகே நிற்கும் அந்த முகம் எனக்குச் சலிப்பாக இருந்தது. கேன்டீன் சீட்டின் பின்பக்கம், 'தென்கிழக்கு, 42 மீட்டர்' என்று எழுதினேன். அவர் வரைந்தார். மறுநாளும் எழுதினேன். அப்புறம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடி நானே ரோவரை ஓட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதில் எனக்கு ஒரு குஷியும் இருந்தது. ஒரு சாயங்காலம் வழியில் ஒரு பெரிய கல்லை வைத்து, ரோவரை அதைச் சுற்றிப் போகவிட்டேன். மாமனார் பூரித்துப்போனார். கல்லுக்குப் பேர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றிரவு சாப்பிட வந்தபோது கல் வரைந்தாகியிருந்தது, நிழல் விழும் பக்கத்துக்கு நுணுக்கி நுணுக்கிக் கோடு போட்டு. கீழே 'மாப்பிள்ளைக் கல்' என்று எழுதியிருந்தார்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரம் ஓய்வுபெற்ற பழைய சகாக்கள் கூடும் இடத்துக்கு ஷீட்டை எடுத்துப்போவதாக இருந்தார். வேட்டிகூட இஸ்திரி போட்டாகிவிட்டது. அன்று காலைப் பேப்பரில் ரோவர் மலையடிவாரத்தைத் தொட்டுவிட்டதாகச் செய்தி. கூடவே அது வந்த முழுப் பாதையின் படம். மாமனாரின் ஷீட்டில் அது மலையை விட்டு ஒரு சாண் விலகி, வெட்டவெளியில் எங்கோ தெற்கே நின்றுகொண்டிருந்தது.

சாப்பிடாமல் மூன்று தடவை அளந்தார். நான் கொடுத்த சீட்டுகளையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தார். மத்தியானம் மாடிக்கு வந்தார். நாங்கள் குடியேறிய பிறகு அதுவரை அவர் மாடிப்படி ஏறியதே இல்லை.

"மாப்ளே, தப்பா நெனச்சுக்கக் கூடாது. நீங்க எழுதிக் குடுத்ததுல எங்கனா..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே கையை ஆட்டினார். "இல்ல, இல்ல. நீங்க என்னா பண்ணுவீங்க. என் கைதான்."

அந்த ஒரு நிமிஷம் எனக்காகக் காத்திருந்தது. நான் சொன்னது இது: "விடுங்க மாமா. கண்ணு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒங்களுக்குக் கொஞ்சம் அப்படி இப்படி ஆகுது. வயசுல இதெல்லாம் சகஜம்."

"ஹௌது," என்றார். என்னைப் பார்த்து இரண்டு முறை தலையாட்டினார். படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்.

அவர் சகாக்களைப் பார்க்கப் போகவில்லை. பேனாக்களைப் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. கண்ணை நம்ப முடியவில்லை என்று ஸ்கூட்டரை விற்றார். எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுமுன்னும் மகளைக் கூப்பிட்டு இடம் சரியா என்று கேட்டார். கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. மாப்பிள்ளையே பார்த்துவிட்டுச் சொன்னாரே என்பார். என் மனைவி அப்பாவுக்குச் சட்டென்று வயதாகிவிட்டது என்று அழுதாள். நான் அவளைத் தேற்றினேன். நல்ல மாப்பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கினேன். மூன்று மாதம் உழைக்கும் என்று அனுப்பிய ரோவர், ஒரு சக்கரம் நின்றுபோன பிறகும் அதை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடியது. அவர் இறந்துபோன வருஷமும் ஓடிக்கொண்டிருந்தது.

உண்மையான அளவுகள் எல்லாம் இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. போன மாதம் உட்கார்ந்து ஒப்பிட்டேன். ஏப்ரல் வரை அவர் கோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதற்குப் பிறகும் அவர் கையில் தப்பில்லை. நான் கொடுத்த ஒவ்வொரு மீட்டரும் கொடுத்தபடியே இருக்கிறது.

ஷீட்டைச் சுருட்டுவதற்குள் என் மகள் வந்துவிட்டாள். மாப்பிள்ளைக் கல்லைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கோட்டின் பின்பாதி மேல் இழுத்திருந்த ஒற்றைக் கோட்டையும், அதன் கீழே உருண்டை எழுத்தில் இருந்ததையும் படித்தாள். 'பிழை: வரைந்தவர்.' பக்கத்தில் அவருடைய கையெழுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு.

"தாத்தா தப்பா வரஞ்சுட்டாராப்பா?" என்றாள்.

"ஆமாம்மா. அப்போ அவருக்குக் கண்ணு சரியில்ல," என்றேன்.