சுக்குத் தூசியும் ஒரு வீடியோ கேசட்டும்

கேசட்டை உள்ளே தள்ளினால் டெக் முதலில் கொஞ்சம் யோசிக்கும். அப்புறம் 'களக்' என்று விழுங்கும். சூடான தூசி வாசம் ஒன்று வரும்... அது இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நான் எழுத்துப் படிக்காதவன். இதையும் போனிடம் வாயால்தான் சொல்கிறேன். தப்பிருந்தால் போனைத் திட்டுங்கள்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்குகிற எங்களுக்குத் தலைவர், அங்கே மூப்பன் என்பார்கள், சங்கரபாண்டி அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவர் மகள் பேச்சி அதே கிடங்கில் சுக்கு புடைப்பாள்.

எனக்கும் பேச்சிக்கும் மனசு ஒத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணாச்சிக்குத் தெரியாது. அவர் ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள்.

"நீங்க எப்பதான் அப்பாட்ட பேசுவீக?" என்று பேச்சி தினமும் கேட்பாள். அண்ணாச்சி எதிரே வந்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குச் சில மாதம் முன்னால் எங்கள் தெருவில் ஒரு மலையாளப் படம் எடுத்திருந்தார்கள். கையில் காசில்லாத கூட்டம். கேமராவை எங்கள் கைவண்டியில் வைத்துத்தான் தள்ளினார்கள். கதையும் ஒரு மாதிரி... கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன், எதற்கும் நேரத்துக்கு வராத ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவள் எங்கேயும் பிந்திவிடக்கூடாது என்று ஊரிலுள்ள கடிகாரங்களை எல்லாம் ரகசியமாகப் பின்னால் தள்ளி வைக்கிறான்.

மூட்டையோடு குறுக்கே நடக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நடந்தேன். எட்டுத் தடவை நடந்தேன். அதில் ஆறு தடவை ஒரு ஆடும் கூடவே நடந்தது.

படம் எர்ணாகுளத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போகலாம் என்று இருந்தோம். வெள்ளிக்கிழமையே தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

பிறகுதான் கேசட் வந்தது. வீடியோ கடை ஷம்சுக்கா, இக்கா என்றால் அங்கே அண்ணன், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேரைப் படிக்க எனக்குத் தெரியாது. அட்டையில் கால் முளைத்த ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது... அதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் டெக், டிவி இரண்டையும் ஷம்சுக்காவோடு சேர்த்துக் கிடங்குக்குக் கொண்டுவந்து, மூட்டைமேல் வைத்து, கதவைச் சாத்தி இருட்டாக்கி, மொத்தத் தெருவையும் கூப்பிட்டேன். அண்ணாச்சிக்கு முன்வரிசையில் ஒரு ஸ்டூல். நடிகன் என்றால் ஒரு மரியாதை வரும், அந்தச் சூட்டில் பெண் கேட்டுவிடலாம் என்று கணக்கு.

என் சீன் வந்தது. மூட்டை வந்தது. மூட்டைக்குக் கீழே இரண்டு கால் வந்தது. முகத்தைக் காணோம்.

"இது நீயா, அந்த ஆடா?" என்றார் ஒருத்தர். கிடங்கே சிரித்தது.

"ஷம்சுக்கா, ஒண்ணு பின்னால போடுங்க. மூஞ்சி தெரியும்" என்றேன்.

ரிவைண்ட் செய்தார். மறுபடியும் கால்தான். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அந்த சீன் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. ஹீரோவும் ஹீரோயினும் சண்டை போடும் இடம்.

"அல்லா... பின்னில் இரிக்குந்நது நீயல்லே?" என்று ஷம்சுக்கா பாஸ் பட்டனை அமுக்கினார்.

படம் நடுங்கிக்கொண்டே நின்றது. ஹீரோவின் தோளுக்குப் பின்னால், சுக்கு மூட்டைமேல், நானும் பேச்சியும். ஷூட்டிங் முடிந்தது என்று நினைத்து உட்கார்ந்திருந்தோம். பேச்சி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் கண்ணில் ஊதுகிறாள். இந்தத் தடவை என் முகம் நன்றாகத் தெரிந்தது.



"இன்னொருக்கா போடு" என்றார் அண்ணாச்சி.

போட்டார்கள்.

"இன்னொருக்கா."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "என்னலே இது?"

"கண்ணுல சுக்குத் தூசி, அண்ணாச்சி."

"தூசி விழுந்தவன் ஈன்னு இளிப்பானாலே?"

பின்னால் பெண்கள் பக்கமிருந்து பேச்சியின் குரல் வந்தது. "தூசிதாம்ப்பா."

அதோடு விடாமல் அவளே சேர்த்தாள்.

"தினமும் விழும்."

அண்ணாச்சி மறுபடியும் டிவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கியது. கோபத்தில் என்றுதான் நினைத்தேன்... ஓடுவதற்குச் செருப்பைக்கூடத் தேடிக்கொண்டேன். பார்த்தால், மனுஷன் சிரிக்கிறார்.

"ஊர்க்காரங்களை வரவேண்டாம்னு சொல்லிரணும்" என்றார், யாரிடமும் என்றில்லாமல். பிறகு, "ஷம்சு, முழுப்படத்தையும் போடு. கடியாரக்காரனுக்குக் கல்யாணம் ஆச்சான்னு பாக்கணும்."

ஆச்சு. அவனுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.

அதற்கப்புறம் ஊரிலிருந்து யார் வந்தாலும் மாமனார் அந்தக் கேசட்டை எடுத்துவந்து, "எம் மக நடிச்ச படம்" என்று அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுவார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "மூப்பா, படம் முழுக்க புதுசு, அந்த இடம் மாத்திரம் தேஞ்சு நாசமாயி" என்று ஷம்சுக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

இப்போது மாமனாரும் இல்லை, ஷம்சுக்காவும் இல்லை. கடை இருந்த இடத்தில் டூரிஸ்ட்டுகள் காப்பி குடிக்கிறார்கள். போன வாரம் ஷம்சுக்காவின் மகன் வந்து, வாப்பாவின் பழைய கேசட்டை எல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றியிருப்பதாகச் சொல்லி, என் போனில் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தான்.

நானும் பேச்சியும் கட்டிலில் சாய்ந்து பார்த்தோம். போனில் எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் தேயாதாம். நல்ல வசதிதான்.

மூட்டை வந்தது. கால் வந்தது. சண்டை ஆரம்பித்தது... உடனே திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. எங்கள் இரண்டு பேரையும் காணவே காணோம்.

"அடடா, கெட்டுப்போச்சே" என்றேன்.

பேச்சி அந்தக் கோடுகளை விரலால் மெல்லத் தடவினாள்.

"அப்பா பாத்த இடம்லா" என்றாள். "இன்னொருக்கா போடுங்க."